முதல் வரியில் பிள்ளையார்

தாராபுரம்
19.09.2025, வெள்ளி

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

சித்ராதேவி எழுதுவது. நான் நலம். உங்கள் பேரப்பிள்ளையும் உள்ளே நலமாகத்தான் உதைத்துக்கொண்டிருக்கிறது. அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா?

கையில் போன் இருக்கும்போது இதென்ன காகிதம் என்று நினைப்பீர்கள். வளைகாப்பு முடிந்து காரில் ஏறும்போது, நம் லேபிள் அச்சடிக்கும் யூனிட் விஷயமாக இனிமேல் உங்கள் யாரோடும் போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். உங்கள் மகனைத் தூது போகச் சொன்னேன். "என்னைய நடுவுல விடாதீங்க சாமி. ரெண்டு பேரும் எழுதிக்குங்க, வண்டியில குடுத்து உடறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இங்கே தையல் யூனிட்டுக்கு நம் லேபிள் ஏற்றி வருகிற வண்டி செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வாசல் வழியாகத்தானே போகிறது. டிரைவர் நல்லான் அண்ணன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

மாமா, நேராகவே கேட்கிறேன். கை நிறைய வளையலோடு நான் உட்கார்ந்திருக்கும்போது சபையில் எழுந்து நின்று என்ன சொன்னீர்கள்? "கோயமுத்தூர்ல இருந்து புது சாப்ட்வேர் வருது, ஆளும் அவங்களே போட்டுடறாங்க. என்ற மருமக இனிக் கம்ப்யூட்டரக் கட்டிட்டு மாரடிக்க வேண்டாம், கொழந்தையோட ஊட்டுல நிம்மதியா இருக்கட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள். ஏதோ சீர் கொடுப்பது போலச் சொன்னீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், கன்னத்தில் சந்தனம் பூசியிருந்ததால் யாருக்கும் முகம் தெரியவில்லை.

பிரிண்டர் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெட்டியை நான்தான் கட்டினேன். பனியன் கழுத்தில் வைத்துத் தைக்கிற லேபிளில் என்ன அளவு, எந்தச் சூட்டில் துவைக்க வேண்டும், எந்த நாட்டில் செய்தது, கட்டுக்கு எத்தனை என்பதெல்லாம் ஒரே ஒரு அமைப்புக் கோப்பில் இருக்கிறது. நீங்களும் படிக்க வேண்டும் என்றுதான் அதைத் தமிழிலேயே எழுதி வைத்தேன். பிரிண்டர் ஓடத் தொடங்கும் முன் 'சோதி' என்று நான் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட், ஒரு குட்டி நிரல், அந்தக் கோப்பை வரிவரியாகப் பார்க்கும். தப்பு இருந்தால் 'நிறுத்து' என்று சொல்லிவிடும். அந்த வேலை எனக்குப் பாடு இல்லை மாமா. சந்தோஷம். அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன்.

குழந்தை பிறந்து தை மாதம் திரும்பி வருவேன். அப்போது என் நாற்காலி எனக்கு வேண்டும். கோயமுத்தூர்க்காரருக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பணிவுடன்,
சித்ராதேவி

---

உ
முருகன் துணை

திருப்பூர்
23.09.2025

அன்பு மருமகள் சித்ராவுக்கு மாமன் மருதாசலம் எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் உன் நலத்தையும் சம்பந்தி வீட்டார் நலத்தையும் மருதமலையான் காக்க வேண்டும்.

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். உன் அத்தை கண்ணம்மாள் ஒரு தடவை படித்துவிட்டு, "உங்களுக்கு வேணும்" என்று சொல்லி அடுக்களைக்குப் போய்விட்டாள். இந்த வீட்டில் எனக்கு ஆதரவு இல்லை என்பதைத் தெரிந்துகொள்.

கண்ணு, நான் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. ஒன்பதாவது மாசம் வரை நீ அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து காலை வீங்க வைத்துக்கொண்டதைப் பார்த்து எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நம் தறிக்காரக் குடும்பத்தில் பெண்பிள்ளைகள் எந்தக் காலத்தில் சும்மா இருந்தார்கள்? பாவு ஓட்டுவதிலிருந்து எல்லாம் செய்தார்கள். உனக்காவது ஓய்வு கொடுக்கலாம் என்று நினைத்தேன். அது இப்படித் திரும்பி என் தலையில் விழும் என்று தெரியாது.

ஆனால் ஒரு விஷயம் நீ ஒத்துக்கொள்ள வேண்டும். நீ இல்லாவிட்டால் அந்தப் பெட்டியை யார் பார்ப்பது? அதற்கு இன்டர்நெட் இணைப்பும் வேண்டாம் என்று நீயே முடிவு செய்துவிட்டாய், அங்கிருந்து நீ தொடவும் முடியாது. என் மகன் அருள்செல்வனுக்கு மெஷின் தெரியும், கம்ப்யூட்டர் அரைகுறை. உன் இடத்துக்கு வந்திருக்கிற வர்ஷினி நல்ல பிள்ளை, ஆனால் திரையில் சிவப்பு எழுத்து வந்தால் அழுகிறாள். கோயமுத்தூர்க்காரர், போன் அடித்தால் அடுத்த நிமிஷம் ஆள் வரும் என்கிறார்.

அதனால் ஒரு ஏற்பாடு சொல்கிறேன். தீபாவளிக்கு முன்னால் பெரிய லேபிள் லாட் ஒன்று போக வேண்டும். நீ இல்லாமல் உன் ஸ்கிரிப்ட் அதுவரை தாக்குப்பிடிக்கட்டும். பிடித்தால் நாற்காலி உன்னுடையது. மக்கர் செய்தால் கோயமுத்தூர்க்காரருக்குக் கையெழுத்து. வார்த்தை மாற மாட்டேன்.

அத்தை தட்டுவடை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நல்லானுக்கும் தனியாகக் கொடுத்தாயிற்று, உன் பங்கில் கை வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
மருதாசலம்

---

தாராபுரம்
26.09.2025

மாமாவுக்கு வணக்கம்.

ஏற்பாடு சம்மதம். நல்லான் அண்ணனுக்குத் தனியாகக் கொடுத்தும் என் பங்கு குறைந்துதான் வந்தது. அதை மன்னித்துவிட்டேன், தட்டுவடை அப்படி.

தாக்குப்பிடிக்கட்டும் என்றீர்களே, அதற்கு அது என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோப்பில் ஒவ்வொரு வரியும் 'பெயர், சமக்குறி, மதிப்பு' என்று இருக்கும். 'துவைக்கும் வெப்பம்=30', 'கட்டுக்கு எண்ணிக்கை=500', இந்த மாதிரி. 'சோதி' முதலில் சமக்குறி இருக்கிறதா என்று பார்க்கும். பிறகு, அந்தப் பெயர் தனக்குத் தெரிந்ததா என்று பார்க்கும். இதற்கு கிரெப் என்று ஒரு கட்டளை, கொடுத்த சொல் இருக்கிறதா இல்லையா என்று தேடிச் சொல்வது மட்டும்தான் அதன் பிழைப்பு. கடைசியில், மதிப்பு நியாயமானதா என்று பார்க்கும். வெப்பம் என்றால் முப்பது, நாற்பது, அறுபது. வேறு எதைப் போட்டாலும் நிறுத்திவிடும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிற பெரியம்மா மாதிரிதான், சந்தேகம் தீராமல் காபியைத் தொடாது.

அது கத்தினால் திட்டாதீர்கள். எந்த வரி என்று எண்ணோடு சொல்லும். அந்த வரியைப் போய்ப் பாருங்கள், காரணம் அங்கேதான் இருக்கும்.

ஆயுத பூஜை வருகிறது. பெட்டியின் மூடிக்கு மட்டும் பொட்டு வையுங்கள். போன வருஷம் காற்றாடித் துவாரத்தில் சந்தனத்தை அப்பி, அது கொதித்து, விஜயதசமியன்று நான் காதுகுடையும் பஞ்சோடு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? எலுமிச்சம்பழத்தை பிரிண்டருக்கு அடியில் வைத்து நசுக்காமல் வாசலில் நசுக்குங்கள். சாமிக்குக் குறை வராது.

இங்கே அம்மா என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. சந்தகை பிழிகிறேன் என்றால் கூட அச்சைப் பிடுங்கிக்கொள்கிறாள். நாள் பூராவும் படுத்துக்கொண்டு ஸ்கிரிப்டை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அருள் தினமும் போன் செய்கிறார். யூனிட் பேச்சு எடுத்தால் வைத்துவிடுவேன் என்று மிரட்டியிருப்பதால், பாவம், தெருநாயைப் பற்றியெல்லாம் பேசுகிறார்.

நாற்காலியைத் துடைத்து வையுங்கள்.

சித்ராதேவி

---

உ
முருகன் துணை

திருப்பூர்
07.10.2025

அன்பு மருமகளுக்கு,

பூஜை அமோகமாக நடந்தது. நீ சொன்னபடி மூடிக்கு மட்டும் பொட்டு. எலுமிச்சை வாசலில். வாழைக்கன்று கட்டி, பொரி கடலை வைத்து, வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் சாப்பாடு போட்டோம். பீகார்ப் பையன்கள் உன் அத்தையின் அரிசிம்பருப்பு சாதத்தை மூன்றாவது தடவை கேட்டு வாங்கினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, முழங்கால் வலியே மறந்துவிட்டது.

ஆனால் உன் ஸ்கிரிப்ட் தோற்றுப்போனது, சித்ரா. சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

விஜயதசமியன்று நல்ல நேரத்தில் நானே பெட்டி முன்னால் உட்கார்ந்தேன். நம் வீட்டில் எந்தப் புதுக் கணக்கும் பிள்ளையார் சுழி இல்லாமல் தொடங்கியதில்லை. யூனிட்டின் மொத்தக் காரியமும் அந்தக் கோப்பில் இருக்கிறது என்று நீதானே எழுதினாய்? அதன் தலையில் சாமி பெயர் இல்லாமல் இத்தனை நாள் எப்படி ஓட்டினோம் என்று எனக்கே ஆச்சரியம். ஒரு விரலால் தட்டி, முதல் வரியில் 'உ', இரண்டாவது வரியில் 'முருகன் துணை' என்று போட்டுச் சேமித்து, கற்பூரம் காட்டினேன். மனசு நிறைந்துவிட்டது.

அவ்வளவுதான், அன்றையிலிருந்து உன் 'சோதி' முரண்டு பிடிக்கிறது. 'வரி 1 சரியில்லை. நிறுத்து.' எத்தனை தடவை ஓட்டினாலும் அதேதான். வரி ஒன்றில் என்ன சரியில்லை? பிள்ளையார் இருக்கிறார். வர்ஷினியை அழைத்தேன். பார்த்துவிட்டு, "அத அழிச்சாப் போதும்னு நெனைக்கறனுங்க. ஆனா பிள்ளையார அழிக்கற பாவம் எனக்கு வேண்டாமுங்க" என்று எழுந்து போய்விட்டாள். அருளைக் கூப்பிட்டேன். "கொழந்தை பொறக்கற நேரத்துல என்ற கையில அழிக்கச் சொல்றீங்களா" என்றான். நான் அழிப்பேனா? கற்பூரம் காட்டிய கை இது.

கடைசியில் அருளே வழி கண்டுபிடித்தான். பிரிண்டரைத் தொடங்கி வைக்கும் கோப்பில் உன் 'சோதி' பெயருக்கு முன்னால் # என்று ஒரு குறி போட்டான். அந்தக் குறி போட்ட வரியைக் கம்ப்யூட்டர் தாண்டிப் போய்விடும் என்று நீ எப்போதோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாயாம். அதோடு அது வாயை மூடிக்கொண்டது. பிரிண்டர் சொன்னபடி ஓடுகிறது. சாமியும் இருக்கிறார், வேலையும் நடக்கிறது.

தீபாவளி லாட்டுக்கான வரிகளை நானே தட்டினேன். அச்சாகி இன்று வண்டியில் ஏறிவிட்டது. இந்தத் தடவை கட்டு கூட அழகாக வந்திருக்கிறது. முன்பெல்லாம் செங்கல் மாதிரி தடியாக இருக்குமே, இப்போது கட்டுக்கு முப்பது, பூஜைக்கு வாங்குகிற வெற்றிலைக் கட்டு மாதிரி. என்ன, வண்டியில்தான் இடம் போதவில்லை. நல்லான் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினான்.

கோயமுத்தூர்க்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார். மனசைத் தளர விடாதே. இனிப்பு ஒப்புட்டு அனுப்பியிருக்கிறேன், சூடாக நெய் விட்டுச் சாப்பிடு.

மருதாசலம்

---

தாராபுரம்
07.10.2025, பகல்

மாமா,

நலம் விசாரிக்க நேரமில்லை. நல்லான் அண்ணன் எங்கள் வாசலில் நின்று காபி குடிக்கிறார். அவர் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும். இரண்டாவது தம்ளர் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்குக் கண் காட்டியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் 'கட்டுக்கு முப்பது' என்று படித்ததும் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டுக்கு ஐந்நூறு அல்லவா? முப்பது என்பது துவைக்கும் வெப்பம். அப்படியென்றால் வெப்பம் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது? வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன், அம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள். வண்டியைத் திறக்கச் சொல்லி ஒரு வெற்றிலைக் கட்டைப் பிரித்தேன்.

'ஐந்நூறு டிகிரி வெந்நீரில் துவைக்கவும்.'

அத்தனை லேபிளிலும், துவைக்கிற தொட்டிப் படம் போட்டு, உள்ளே அழகாக 500. அந்தச் சூட்டில் துவைத்தால் வெளியே வருவது பனியன் இல்லை மாமா, விபூதி. இரண்டு வரிகளையும் மாற்றித் தட்டிவிட்டீர்கள், அவ்வளவுதான். யாருக்கும் வருகிற தப்பு. இதற்காகத்தான் அந்த ஸ்கிரிப்டை எழுதினேன். ஐந்நூறைக் கண்ட உடனே அது மெஷினை நிறுத்தியிருக்கும். அதன் வாயைத்தான் உங்கள் மகன் கட்டிவிட்டாரே. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஆள் அவர்.

பயப்படாதீர்கள். ஒரு லேபிள் கூடத் தையல் யூனிட்டுக்குப் போகவில்லை. வண்டியை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். தையல் யூனிட்டுக்குப் போன் செய்து வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லிவிட்டேன், சரி என்றார்கள். யூனிட் விஷயமாக உங்கள் யாரோடும் போனில் பேச மாட்டேன் என்ற என் சபதம் அப்படியே இருக்கிறது என்பதைக் கவனிக்கவும்.

இனி நான் சொல்வதை நீங்களே செய்யுங்கள். உங்கள் ஒரு விரல் போதும்.

பிள்ளையாரை அழிக்க வேண்டாம். யார் அழிக்கச் சொன்னது? தொடங்கி வைக்கும் கோப்பில் 'சோதி' பெயருக்கு முன்னால் அருள் வைத்த அந்த # குறியை அங்கிருந்து எடுங்கள். எடுத்து, அமைப்புக் கோப்பில் 'உ'வுக்கு முன்னால் ஒன்று, 'முருகன் துணை'க்கு முன்னால் ஒன்று போடுங்கள். # என்று தொடங்குகிற வரியை 'சோதி' கேள்வி கேட்காது. கும்பிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பிறகு முப்பதையும் ஐந்நூறையும் அவரவர் இடத்தில் உட்கார வையுங்கள். ஓட்டுங்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சொல்வார்கள், இங்கே பிள்ளையார் பிள்ளையாராகவேதான் இருந்தார். அவரைச் சரியான இடத்தில் வைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

ஸ்கிரிப்ட் தோற்றது என்று எழுதினீர்களே, அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். எனக்கு அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. தம்ளர் காலி.

சித்ரா

---

உ
முருகன் துணை

திருப்பூர்
10.10.2025

அன்பு மருமகள் சித்ராதேவிக்கு,

அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி திரும்பி வருவதைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடினேன். உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஐந்நூறு. உன் அத்தையிடம் காட்டினேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. இப்போது வீட்டில் வெந்நீர் கேட்டால், "எத்தனை டிகிரிங்க, ஐந்நூறா?" என்கிறாள்.

உன் சொற்படி நானே உட்கார்ந்தேன். அருளையும் வர்ஷினியையும் பின்னால் நிற்க வைத்தேன், யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். பிள்ளையாருக்கு முன்னால் அந்தக் குறியைப் போடும்போது மட்டும் விரல் தயங்கியது. பார்க்கக் கம்பி வேலி மாதிரி இருக்கிறதே, சாமிக்கு வேலி போடுவதா என்று தோன்றியது. பிறகு, கோயிலில் கூட மூலவருக்கு முன்னால் கூட்டம் மேலே விழாமல் இருக்கக் கம்பிக் கதவு இருக்கத்தானே செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போட்டுவிட்டேன்.

எண்களை மாற்றுவதற்கு முன்னால் எனக்கு ஒரு ஆசை. ஐந்நூறை அப்படியே வைத்துவிட்டு ஓட்டினேன். இந்தத் தடவை 'சோதி' பிள்ளையாரையும் முருகனையும் ஒன்றும் சொல்லவில்லை. நேராக ஆறாவது வரிக்குப் போய் நின்றது. 'துவைக்கும் வெப்பம் 500. இது நியாயமில்லை. நிறுத்து.' என்னை நேருக்கு நேர் தட்டிக் கேட்ட மாதிரி இருந்தது. இந்த யூனிட்டில் உன் அத்தையைத் தவிர யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. சரிசெய்து மறுபடி ஓட்டினேன். 'எல்லாம் சரி. ஓடலாம்.' வர்ஷினி கைதட்டினாள். லாட் முழுவதும் அச்சாகிவிட்டது, இந்தக் கடிதத்தோடு வருகிறது. கட்டைப் பார், செங்கல் மாதிரி இருக்கும்.

இன்று காலை கோயமுத்தூர்க்காரர் வந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அவருடைய சாப்ட்வேரைப் போட்டுக் காட்டினார், கலர் கலராக இருந்தது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "துவைக்கற சூடு ஐந்நூறுன்னு போடுங்க பார்க்கலாம்" என்றேன். போட்டார். திரையில் பச்சை விளக்கு எரிந்து 'அச்சிடத் தயார்' என்று வந்தது. "ஏனுங்க, இது கேக்காதுங்களா?" என்றேன். நீங்கள் கொடுப்பதை அது அப்படியே அச்சடிக்கும், கேள்வியே கேட்காது என்று பெருமையாகச் சொன்னார். "கேள்வி கேக்கறதுக்கு எங்கூட்டுல ஆள் இருக்குதுங்க" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சித்ரா, உனக்கு ஓய்வு கொடுப்பதாக நினைத்து உன்னையே எடுத்துவிடப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு ஐந்நூறைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

வார்த்தை மாற மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதனால் அவர் போனதும் கோப்பின் கடைசியில் நானே ஒரு வரி தட்டினேன். 'நாற்காலி=சித்ராதேவி.' யூனிட்டில் எது எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோப்பில்தானே இருக்கிறது, இதுவும் அங்கேயே இருக்கட்டும். ஓட்டினேன். உன் ஸ்கிரிப்ட் என்ன சொன்னது தெரியுமா? 'நாற்காலி: தெரியாத பெயர். நிறுத்து.'

தெரியாத பெயராம். தன்னை எழுதியவளின் இடத்தையே அதற்குத் தெரியவில்லை. இப்போதைக்கு # போட்டு வைத்திருக்கிறேன். அதற்குச் சொல்லிக்கொடு.

மருதாசலம்

---

தாராபுரம்
17.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது கடைசிப் பத்தியில் அழுதுவிட்டேன். அம்மா பிரசவ வலி என்று நினைத்து ஆட்டோவுக்குப் போன் செய்யப் போய்விட்டாள். இல்லை, எங்கள் மாமனார் என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் பெரும்பாடு.

சபதம் முடிந்தது. நேற்று அருளிடம் போனில் யூனிட் பேச்சை நானே எடுத்தேன். மனுஷர் எத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தாரோ, கொட்டித் தீர்த்துவிட்டார். தெருநாயைப் பற்றிய செய்தி இனி எனக்குக் கிடைக்காது போலிருக்கிறது.

நீங்கள் கேட்டபடி 'சோதி'க்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். என்னென்ன தட்ட வேண்டும் என்று வரிவரியாக அருளிடம் சொன்னேன், அவர் தட்டி முடித்துவிட்டார். இனி நாற்காலி அதற்குத் தெரிந்த பெயர். நீங்கள் அந்த வரிக்கு முன்னால் போட்ட # குறியை எடுத்துவிடலாம். அந்த வரி இருக்கிறதா, அதில் என் பெயர் இருக்கிறதா என்று தினமும் ஓடுவதற்கு முன்னால் அது பார்க்கும். நான் தை மாதம் வரும்வரை வர்ஷினி அந்த நாற்காலியில் உட்காரட்டும், ஸ்கிரிப்ட் கண்டுகொள்ளாது. உட்காருவது யார் என்று அது பார்ப்பதில்லை, நாற்காலி யாருடையது என்றுதான் பார்க்கும். அவளுக்கு ஒன்று சொல்லுங்கள். சிவப்பு எழுத்து வந்தால் அழ வேண்டாம், வரி எண்ணைப் படிக்கட்டும். நான் வந்த பிறகும் அவள் இருக்கட்டும் மாமா, இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். அருளிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். எப்போதாவது ஆசை வந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

அன்று வண்டியில் பிரித்த கட்டிலிருந்து ஒரு லேபிளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஐந்நூறு டிகிரி போட்டது. குழந்தையின் தொட்டிலில் கட்டப் போகிறேன். தாத்தா அச்சடித்த முதல் சீர்.

தீபாவளி வாழ்த்துகள். அத்தையிடம் சொல்லுங்கள், இந்தத் தடவை நல்லான் அண்ணன் முறுக்கில் கை வைத்தால் 'சோதி'யை அவர் மேல் ஏவிவிடுவேன்.

உங்கள் மருமகள்,
சித்ரா

---

# உ
# முருகன் துணை

திருப்பூர்
31.10.2025

அன்பு மருமகளுக்கு,

மேலே பார்த்தாயா? இனி என் கடிதமும் இப்படித்தான். கேள்வி கேட்காமல் கும்பிட்டுவிட்டு அடுத்த வரிக்கு வா.

சஷ்டி முடிகிற அன்று, சூரனை முருகன் வதைக்கிற நேரத்தில், நம் வீட்டுக்கு மகாலட்சுமி வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் குழந்தையை என் கையில் கொடுத்தபோது நான் பேசவில்லை, நீயும் பார்த்திருப்பாய். சுற்றிலும் உன் அம்மா, உன் அத்தை, நர்சு, சொந்தக்காரர்கள். அத்தனை பேர் நடுவில் மாமன் மருமகளிடம் என்ன பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எனக்கு வாய் நன்றாக வருகிறது என்று இந்த ஒன்றரை மாசத்தில்தான் தெரிந்தது.

குழந்தைக்கு உன் முகம். சந்தேகப் பார்வையும் உன்னுடையதுதான். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், எந்த வரி சரியில்லை என்று தேடுகிற மாதிரி. பிறகு விரலைப் பிடித்துக்கொண்டாள். நான் தட்டுகிற அந்த ஒரு விரலைத்தான். எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தேன்.

தையல் யூனிட்டிலிருந்து லேபிளில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வர்ஷினி இரண்டு நாளாக அழவில்லை. நேற்று சிவப்பு எழுத்து வந்தது, "மூணாவது வரிங்க" என்று தானே சொல்லித் தானே சரிசெய்தாள். தையிலும் அவள் இருப்பாள், நீ சொன்னபடி.

இனி முக்கியமான விஷயம். ஊர் வந்து சேர்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. நீதான் ஆசை காட்டிவிட்டாயே. எல்லோரும் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்து கடைசி வரியை அழித்தேன். பிள்ளையாரை அழிக்கப் பயந்தவன், இதை அழிக்கும்போது அதைவிட அதிகமாகப் பயந்தேன் என்றால் நம்புவாயா? 'சோதி'யை ஓட்டினேன்.

மெஷின் நின்றது. வரி எண் வரவில்லை. 'நிறுத்து' என்று வரவில்லை. திரையில் ஒரே ஒரு வரி:

'மாமாங்க, என்ற நாற்காலி எங்கீங்க?'

நீ பக்கத்தில் நின்று கேட்ட மாதிரியே இருந்தது. சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு உன் அத்தை ஓடி வந்தாள், தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சிரிக்கிற என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். அவளையும் படிக்கச் சொன்னேன். "பதில் சொல்லுங்க, புள்ள கேக்குதல்ல" என்றாள்.

"இங்கதான் இருக்குது கண்ணு" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தேன். துண்டால் நாற்காலியைத் துடைத்தேன். நின்றபடியே அந்த வரியை ஒரு விரலால் திரும்பத் தட்டி, 'சோதி'யை ஓட்டினேன்.

மெஷின் ஓட ஆரம்பித்தது.

உன் மாமன்,
மருதாசலம்